இன்று இரவு எங்கே தூங்குவீர்கள்? நீலகிரிக் காவலர்களுக்கான குடும்ப வன்முறைப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடும்பநல ஆலோசகர். நீலகிரியில் காவலர்களுக்குக் குடும்ப வன்முறை பற்றி வகுப்பு எடுக்கிறேன். பாரா நிற்கும் இளம் காவலர் முதல் ரைட்டர், ஏட்டு, எஸ்.எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர் வரை எல்லோரும் வருகிறார்கள். அவர்கள் கேட்பவை ஒரு பக்கம், தேயிலைத் தோட்டங்களிலும் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலும் பெண்கள் என்னிடம் கேட்பவை இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

காவலர்களுக்குச் சட்டம் தெரியாதா? தனியாக எதற்குப் பயிற்சி?

சட்டம் தெரியும். பிரிவு எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எதிரே நிற்கும் பெண் எதைக் கடந்து அங்கே வந்து நிற்கிறார் என்பதுதான் பல பேருக்குத் தெரியவில்லை.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 29 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது சுமார் 38. வன்முறையைச் சந்தித்த பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான். அந்தப் பதினான்கு பேரும் பெரும்பாலும் முதலில் போவது தாய்வீட்டுக்கு, அக்காள் வீட்டுக்கு, தோட்டத்தில் என்றால் பக்கத்து லயனுக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு). காவல் நிலையத்துக்கு வருகிறவர்கள் அதிலும் மிகச் சிலர். ஆகவே உங்கள் வாசலில் ஒரு பெண் நின்றால், அது முதல் அடிக்குப் பிறகு அல்ல. எத்தனையாவது அடி என்று அவருக்கே கணக்கு மறந்த பிறகு.

அந்த நேரத்தில் "புருஷன் பெண்டாட்டி சண்டைக்கெல்லாம் ஸ்டேஷனுக்கு வருவார்களா?" என்று ஒரு வார்த்தை விழுந்தால், அவர் இன்னொரு முறை வரமாட்டார். அந்த வார்த்தை விழாமல் இருக்கத்தான் பயிற்சி.

புகார் கொடுக்க ஒரு பெண் வந்தால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

உட்கார நாற்காலி கொடுங்கள். குன்னூரோ கோத்தகிரியோ, டிசம்பர் மாதத்தில் செருப்பில்லாமல், இடுப்பில் குழந்தையோடு ஸ்வெட்டர்கூட எடுக்காமல் ஓடிவந்தவர் முதலில் குளிரில் நடுங்குவார். அந்த நடுக்கம் நிற்காமல் அவரால் கோர்வையாகப் பேச முடியாது. சூடாக ஒரு தேநீர், குழந்தைக்கு இரண்டு பிஸ்கட். இதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

அடுத்தது இடம். வரவேற்பு மேசை முன்னால், நிலத் தகராறுக்கு வந்த நாலு பேர் காதுபட அவரைப் பேசவைக்காதீர்கள். தனி அறை இல்லாத நிலையங்கள் உண்டு, தெரியும். மற்றவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லலாம். கணவன் கூடவே வந்திருந்தால் இருவரையும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாத இடத்தில் உட்காரவையுங்கள். பேசாமல் முறைத்தே வாயை அடைக்கத் தெரிந்தவன் அவன்.

அவர் பேசும்போதே கணவனுக்குப் போன் போட்டு "உன் மனைவி இங்கே இருக்கிறாள், உடனே வா" என்று சொல்லாதீர்கள். பல நிலையங்களில் இது கை தானாகச் செய்யும் வேலையாகிவிட்டது. இரு தரப்பையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்பதை அவனுக்குச் சொல்வதற்கு முன், அவருக்கு அன்றைய இரவு பத்திரமா என்று பார்த்திருக்க வேண்டும்.

அதனால்தான் என் வகுப்பில் எல்லோரையும் ஒரே ஒரு கேள்வியை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். "என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடித்ததும் கேட்க வேண்டியது: "இன்று இரவு எங்கே தூங்குவீர்கள்?" அந்தப் பதிலில் வழக்கின் பாதி வந்துவிடும். பணம் இருக்கிறதா, தாய்வீடு இருக்கிறதா, அந்த வீட்டில் இடம் இருக்கிறதா, குழந்தைகளை யார் வைத்திருக்கிறார்கள், அவன் இப்போது எங்கே இருக்கிறான், கையில் அரிவாள் இருந்ததா என்று எல்லாமே இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் வரிசையாக வரும்.

இவ்வளவு அடி வாங்கியும் அவள் ஏன் அவனை விட்டுப் போகவில்லை? போனாலும் ஏன் திரும்பி வருகிறாள்?

வகுப்புக்கு வகுப்பு தவறாமல் வரும் கேள்வி. கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. மூன்று முறை ஒரே பெண்ணுக்காக ஓடிய ஏட்டு, நான்காவது முறை அலுத்துப்போய்க் கேட்கிறார்.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து லயன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் விறகு. அந்த வீடு வேலையோடு வந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொட்டே தொழிலாளிக்கு வீடு கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. வேலை போனால் வீடும் போய்விடும் என்ற பயமும் அப்போது தொட்டே கூடவே இருக்கிறது. வீடு கணவன் பெயரில் இருந்தால், அவனை விட்டுப் போவது என்பது கூரையை விட்டுப் போவது. கொழுந்து பறிக்கும் வேலையை, குழந்தைகளின் பள்ளியை, ரேஷன் அட்டையை, பின்பக்கம் நட்ட நாலு பீன்ஸ் செடியை விட்டுப் போவது.

எங்கே போவது? 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி இந்த மலையில் குடியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களில் பிறந்த பல பெண்களுக்குச் சமவெளியில் போய்த் தங்க ஒரு சொந்தக்காரர் வீடுகூட இல்லை. படுகர் ஹட்டியில் இருக்கும் பெண்ணுக்கு வேறு கஷ்டம்: சுற்றியுள்ள வீடுகள் அனைத்தும் கணவனின் பங்காளி வீடுகள். பணியர் பழங்குடிக் குடியிருப்பான பாடியில் இருக்கும் பெண்ணுக்குக் காவல் நிலையம் என்றாலே வேறு நினைவுகள்.

இன்னொன்றையும் காவலர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பிரிந்து போகும் நேரம்தான் உயிருக்கு மிக ஆபத்தான நேரம். கைக்குள் இருந்தது நழுவுகிறது என்று தெரியும்போது அவன் எல்லை மீறுவான். "போனால் கொன்றுவிடுவான்" என்று ஒரு பெண் சொன்னால், அது பயந்தவரின் மிகை என்று எண்ணாதீர்கள். அவனோடு பத்து வருடம் வாழ்ந்தவரின் கணிப்பு அது. அவனைப் பற்றி அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்க வழியில்லை.

திரும்பி வருவதும் அப்படித்தான். நான்காவது முறை வரும்போது "போன தடவையே சொன்னேன், கேட்டாயா?" என்று சொல்லாமல் "வந்தது நல்லது, உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டால், ஐந்தாவது முறை அவர் பிணமாக வருவதைத் தடுக்க ஒரு வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கும். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

வெளிக்காயம் எதுவும் தெரியவில்லை. எதை வைத்துப் புகாரை நம்புவது?

இந்த இடத்தில் வகுப்பில் நான் ஒரு மப்ளரை எடுத்து மேசைமேல் வைப்பேன்.

மலையில் ஆணும் பெண்ணும் கழுத்தைச் சுற்றி மப்ளரோ சால்வையோ போடாமல் வெளியே வருவதில்லை. புகார் கொடுக்க வரும் பெண்ணும் போட்டிருப்பார். யாருக்கும் அதை எடுக்கச் சொல்லத் தோன்றாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். இரண்டு நாளுக்கு முன் ஒரு காவல் நிலையத்துக்குப் போய், "காயம் ஒன்றும் இல்லையே" என்று திருப்பி அனுப்பப்பட்டவர். குரல் கரகரத்திருந்தது. சளியா என்று கேட்டேன். இல்லை என்றார். தேநீரை விழுங்கும்போது முகம் சுளித்தார். மப்ளரை அவரே விலக்கினார். காதுக்குக் கீழே பெருவிரல் அளவில் ஒரு நீலம், அதற்கு எதிர்ப்புறம் நகம் கீறிய மூன்று சின்னக் கோடுகள். அந்தக் கோடுகள் அவருடைய சொந்த நகம் பட்டவை. அவன் கையை விலக்கப் போராடியபோது பட்டவை.

கழுத்தை நெரித்த வழக்குகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெளியே அடையாளமே தெரியாது என்று அமெரிக்காவில் முந்நூறு வழக்குகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு முறை கணவன் கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அவன் கையாலேயே அந்தப் பெண் கொலையாகும் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதும் அங்கே செய்யப்பட்ட இன்னொரு ஆய்வின் முடிவு. கன்னத்தில் விழுந்த நாலு அறையைவிட, தடம் இல்லாத இந்தக் கழுத்துப் பிடி பெரிது. கழுத்து இரத்தக் குழாய் உள்ளே கிழிந்திருந்தால் நாள்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம்.

ஆகவே நேராகக் கேளுங்கள்: "கழுத்தில் கை வைத்தானா? மூச்சு நின்றதா? கண் இருட்டிக்கொண்டு வந்ததா? குரல் மாறியிருக்கிறதா? விழுங்கும்போது வலிக்கிறதா? உங்களை அறியாமல் சிறுநீர் போய்விட்டதா?" கடைசிக் கேள்வியைப் பெண் காவலர் தனியாகக் கேட்க வேண்டும், வெட்கத்தில் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். "ஆம்" என்று ஒரு பதில் வந்தாலும் மெமோ போட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மெமோவில் வெறுமனே "தாக்குதல்" என்று எழுதாமல் "கழுத்தை நெரித்ததாகச் சொல்கிறார்" என்று எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் மருத்துவர் கழுத்தைப் பார்ப்பார், ஏ.ஆர். எனும் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலிலும் அது ஏறும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் காயம் ஏற்படுத்துவதற்கான 115ஆம் பிரிவோடு நிறுத்திக்கொள்ளலாமா, கொலை முயற்சிக்கான 109 பொருந்துமா என்பதை இன்ஸ்பெக்டர் அந்த நகலை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும்.

அவள் அழவே இல்லை. சொன்னதையும் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். பொய்தானே?

யானை துரத்த ஓடித் தப்பிய ஒருவரிடம் பிறகு விசாரித்துப் பாருங்கள். கூடலூரில் அப்படித் தப்பியவர்கள் பலர் உண்டு. யானையின் தந்தத்தில் ஒட்டியிருந்த மண் வரைக்கும் சொல்வார். எந்தப் பாதையில் ஓடினார், எத்தனை நிமிடம் ஓடினார் என்று கேட்டால் குழம்புவார். உயிர்ப்பயத்தில் மனம் சில துண்டுகளை மட்டும் ஆழமாகப் பதிக்கும், வரிசையை விட்டுவிடும். அவரை யாரும் பொய்யர் என்று சொல்வதில்லை.

அடிபட்ட பெண்ணுக்கும் அதேதான். சிலர் அழுவார்கள், சிலர் கல்லாக உட்கார்ந்திருப்பார்கள், சிலர் பதற்றத்தில் சிரிக்கக்கூடச் செய்வார்கள். கணவனோ சட்டையை மடித்துவிட்டு, "சார், இவளுக்குக் கொஞ்சம் மனநிலை சரியில்லை" என்று பணிவாகப் பேசுவான். பணிவை உண்மைக்கும் கத்தலைப் பொய்க்கும் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாக்குமூலம் வாங்கும்போது "முதலில் என்ன, அடுத்து என்ன" என்று விரட்டாமல், "உங்களுக்கு எது நன்றாக நினைவிருக்கிறதோ அதிலிருந்து சொல்லுங்கள்" என்று ஆரம்பியுங்கள். வரிசை பிறகு தானாக வரும்.

இருவருக்குமே காயம் இருந்தால்?

இருவர்மீதும் ஒரு வழக்கு போட்டு முடிப்பது சுலபம். அதைச் செய்வதற்கு முன் காயம் எங்கே, எப்படி என்று பாருங்கள். பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தவனின் முன்கையில் பல் பதிந்திருக்கும். முன்னாலிருந்து நெரித்தவனின் முகத்திலும் மணிக்கட்டிலும் நகக்கீறல் இருக்கும். பார்வைக்கு அவன் காயம்தான் இரத்தமாகத் தெரியும். யாருக்கு யாரைக் கண்டால் பயம், இதற்கு முன் யார் பெயரில் மனு வந்திருக்கிறது, குழந்தை யார் பின்னால் ஒளிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லாம் குடியால்தான். குடியை நிறுத்தினால் சரியாகிவிடாதா?

குடித்தவன் மேஸ்திரியை அடிப்பதில்லை. கடன் கொடுத்தவனை அடிப்பதில்லை. வழியெல்லாம் எல்லோருக்கும் ஒதுங்கி நடந்துவந்து, வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் கை ஓங்குகிறான். யாரை அடிக்கலாம் என்பது எவ்வளவு குடித்தாலும் அவனுக்குத் தெரிகிறது. குடிக்குச் சிகிச்சை கொடுக்கட்டும், நல்லது. அதை வழக்குக்கு மாற்றாக வைக்கக் கூடாது.

சமாதானம் பேசி எழுதி வாங்கி அனுப்புவது குடும்பத்தைக் காப்பாற்றுவது ஆகாதா?

நல்ல மனதோடு இதைச் செய்யும் காவலர்கள் நிறையப் பேர். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தில் என்ன எழுதப்படுகிறது என்று பாருங்கள். "இனிமேல் நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொள்ளாமல் ஒற்றுமையாக வாழ்வோம்." அடித்தவனும் அடிவாங்கியவரும் ஒரே வாக்கியத்தில் சமமாக நின்று கையெழுத்துப் போடுகிறார்கள். அடிவாங்கியவர் எதை இனிமேல் செய்யாமல் இருப்பதாக வாக்குக் கொடுக்கிறார்? வீட்டுக்குப் போனதும் அவனுக்குக் கிடைக்கும் பாடம் இதுதான்: போலீஸுக்குப் போனாலும் ஒன்றும் ஆகாது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இல் ஆலோசனைக்கு இடம் உண்டு. 14ஆம் பிரிவின்கீழ் அதற்கு உத்தரவிடுகிறவர் மாஜிஸ்திரேட். காவல் நிலையத்து மேசை அந்த இடம் அல்ல. மும்பையில் 1984-இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் காவல்துறையோடு சேர்ந்து, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களைக் காவல்துறை வளாகத்துக்குள்ளேயே உட்காரவைத்தது. ஆலோசனை தெரிந்தவர் ஆலோசனை செய்ய, காவலர் காவலர் வேலையைச் செய்ய முடிந்தது. அந்த ஏற்பாடு பிறகு வேறு மாநிலங்களுக்கும் பரவியது. நீலகிரியில் தாலுகாவுக்கு ஒருவர் அப்படி உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் நினைத்துக்கொள்கிறேன்.

2005 சட்டம் சிவில் விவகாரம்தானே, அதில் காவலருக்கு என்ன வேலை?

வேலை அதன் 5ஆம் பிரிவிலேயே இருக்கிறது. குடும்ப வன்முறை பற்றிப் புகார் வந்தாலோ, அந்த இடத்தில் இருந்தாலோ, காவலர் அந்தப் பெண்ணிடம் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். பாதுகாப்பு உத்தரவு, அந்த வீட்டிலேயே வசிக்கும் உத்தரவு, பண உதவி, குழந்தைகளின் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றுக்கு அவர் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம் என்று சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் யார், உதவி மையங்கள் எவை, இலவச சட்ட உதவி உண்டு, கொடுமைக்காகக் குற்ற வழக்கும் கொடுக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். சொன்னதை ஜி.டி.யில், அதாவது நிலையப் பொது நாட்குறிப்பில், ஒரு வரி எழுதிவையுங்கள்.

வீடு யார் பெயரில் இருந்தாலும், மாமனார் பெயரில் இருந்தாலும்கூட, கூட்டாக வாழ்ந்த வீட்டில் வசிக்க அவருக்கு உரிமை உண்டு. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவனை வெளியேறச் சொல்லியும் 19ஆம் பிரிவின்கீழ் உத்தரவு வாங்கலாம். "இரவு எங்கே தூங்குவீர்கள்?" என்ற கேள்விக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில் இதுதான், இது தெரியாமல் எத்தனையோ பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

மனுவின் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் வர வேண்டும், அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். பாதுகாப்பு உத்தரவு வந்துவிட்டால் அதன் நகல் உங்கள் நிலையத்துக்கும் வரும். அதை அவன் மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமல் கைதுசெய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம். அந்தப் பெண்ணின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே மீறல் நடந்தது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். அந்த நகலை ஃபைலுக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள். இரவு ரோந்து போகிறவர்களுக்கு அந்த வீடு எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பொய் வழக்கு போடுகிறார்களே? உச்ச நீதிமன்றமே கைது செய்யாதே என்றதே?

2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் நீதிமன்றம் சொன்னது, யோசிக்காமல் கைது செய்யாதே என்பதுதான். வழக்கைப் பதியாதே என்று சொல்லவில்லை. கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு; மூன்றாண்டு வரை சிறை. கைது தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரியுங்கள். பொய்யா மெய்யா என்பது விசாரணையில் வெளிவரட்டும். திருட்டுப் புகாரிலும் பொய் உண்டு, அதற்காகத் திருட்டுப் புகார் கொடுக்க வருகிறவரை யாரும் சந்தேகத்தோடு வரவேற்பதில்லை.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து வாரக்கணக்கில் இழுப்பதும் வேண்டாம். அந்த ரசீதை ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, எழுத்து அழியும் வரை நடந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

மொழி தெரியாத இடத்தில் என்ன செய்வது?

இது நீலகிரிக்கே உரிய சிக்கல். படுகு, மலையாளம், கன்னடம், பணியர் பேச்சு, குறும்பர் பேச்சு, இருளர் பேச்சு என்று ஒரே சரகத்தில் ஐந்தாறு மொழிகள். தமிழ் ஓரளவு தெரிந்த பெண்ணும் வலியைத் தன் மொழியில்தான் சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அம்மாவை அப்பா என்ன செய்தார் என்பதை ஒன்பது வயதுப் பிள்ளை வாயால் சொல்லவைப்பது, அந்தப் பிள்ளைமேல் நாம் செய்யும் வன்முறை. அதே ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டாலும் சிக்கல்தான். பாதி நேரம் அவர் கணவனுக்கு மாமா முறை. வேறு ஊரைச் சேர்ந்த கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பழங்குடிப் பள்ளி ஆசிரியை என்று மொழிக்கு இரண்டு பெண்களின் பெயரை முன்கூட்டியே பேசி, சம்மதம் வாங்கி, நிலையத்தில் எழுதிவையுங்கள். புகார் வந்த பிறகு தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

பழங்குடிப் பெண்ணை வேறு சமூகத்து ஆண் கொடுமைப்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும். அந்த விசாரணை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் போகும்.

சம்பவம் வேறு ஊரில் நடந்தது. எங்கள் எல்லை இல்லையே?

எல்லை பார்க்காமல் பதிய வேண்டும். பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்பலாம். பந்தலூரில் அடிபட்டு சுல்தான் பத்தேரியில் அம்மா வீட்டில் இருந்தாலும், கோவையில் அடிபட்டு குன்னூர் வந்துவிட்டாலும், தஞ்சம் புகுந்த ஊரிலேயே கொடுமைப் புகாரைக் கொடுக்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இரவில், கடைசி பஸ் போன பிறகு ஒரு பெண் எப்படி உதவி கேட்பது?

இது பெண்கள் கேட்கும் கேள்வி. 112 காவல் உதவிக்கு, 181 பெண்களுக்கான உதவி எண், 1098 குழந்தைகளுக்கு, 15100 இலவச சட்ட உதவிக்கு. மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. தற்காலிகத் தங்கல், மருத்துவம், சட்ட உதவி, ஆலோசனை ஆகியவற்றை ஒரே இடத்தில் தருவதற்காக வந்தது. எந்த லயனில், வீட்டின் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கும் என்பதை முன்பே பார்த்துவையுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்திருங்கள்.

காவலர்களுக்கு: யானையும் காட்டெருமையும் நடக்கும் பாதையில் "காலையில் வாருங்கள்" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பாதீர்கள். பிறகு அவருக்குப் போன் செய்ய நேர்ந்தால் முதல் வார்த்தை "இப்போது பேசச் சௌகரியமா?" என்பதாக இருக்கட்டும். பக்கத்தில் அவன் இருக்கலாம். "இல்லை" என்றால் எதுவும் கேட்காமல் வைத்துவிடுங்கள்.

மகளிர் காவல் நிலையம் இருக்கும்போது மற்ற நிலையங்களுக்கு இது எதற்கு?

தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. எத்தனையோ பெண்களுக்கு அது கதவைத் திறந்தது. ஆனால் மஞ்சூருக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து நடந்து வருகிறவர், முதலில் கண்ணில் படும் காவல் நிலையத்துக்குத்தான் போவார். "ஊட்டிக்குப் போங்கள்" என்று சொன்னால் பஸ் செலவுக்கு அவரிடம் காசு இருக்கிறதா என்றாவது கேளுங்கள். பெண் காவலர் என்பதாலேயே எல்லாம் புரிந்துவிடும் என்பதும் சரியில்லை, "நாங்களெல்லாம் பொறுத்துப் போகவில்லையா?" என்று சொன்ன பெண் அதிகாரிகளையும் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரிந்த களைப்பை நான் மறக்கவில்லை.

அடிப்பவனே காவலராக இருந்தால்?

அந்தக் காவலர் வேலை செய்யும் நிலையத்தில் அந்தப் புகாரைக் கையாளக் கூடாது. மனைவி எஸ்.பி. அலுவலகத்திலோ, பாதுகாப்பு அலுவலரிடமோ, நேராக மாஜிஸ்திரேட்டிடமோ போகலாம். வகுப்பில் இதைப் பேசும்போது அறை அமைதியாகிவிடும். நான் அந்த அமைதியை அவசரப்பட்டுக் கலைப்பதில்லை.

ஆண்கள் அடிபடுவதில்லையா?

அடிபடும் ஆண்கள் உண்டு. 2005 சட்டத்தின்கீழ் மனுச் செய்யும் உரிமை பெண்களுக்கானது. ஆண்கள் காயம், மிரட்டல் பிரிவுகளில் புகார் கொடுக்கலாம். அவர்களுக்கும் நாற்காலி கொடுங்கள், அவர்களையும் கேலி செய்யாதீர்கள்.

ஒரு நாள் வகுப்பு போதுமா?

போதாது. கேட்டது மறந்துபோகும், பழக்கம் திரும்பிவிடும். அதனால் இரண்டாவது முறை வரும்போது பழைய குடும்பத் தகராறு மனுக்களில் ஐந்தை, பெயரை மறைத்து நகலெடுத்துக் கொண்டுவரச் சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் நான்கு விஷயம் தேட வேண்டும்: கழுத்து பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா, பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், 5ஆம் பிரிவுத் தகவல் சொன்னதாக இருக்கிறதா, அன்று இரவு அவர் எங்கே தூங்கினார்.

சென்ற முறை ஒரு ரைட்டர், இருபது வருடச் சர்வீஸ் உள்ளவர், தான் கொண்டுவந்த மனுக்களைப் படித்துக்கொண்டே வந்து மூன்றாவதில் நின்றுவிட்டார். "கழுத்தைப் பிடித்து அமுக்கினான்" என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்திருந்தார். கீழே ரைட்டருடைய சொந்தக் கையெழுத்தில் "இரு தரப்பும் சமாதானம்" என்று முடிக்கப்பட்டிருந்தது. நாலு மாதத்துக்கு முந்தைய தேதி. அவர் எதுவும் பேசவில்லை. நிலையத்துக்குப் போன் செய்து மனுவில் இருந்த எண்ணைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வெளியே போனார். அந்தக் கட்டடத்தில் வராந்தாவின் கடைசியில்தான் சிக்னல் கிடைக்கும். மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக எங்களுக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. நெடுநேரம் மணி அடித்திருக்க வேண்டும். பிறகு அவர் குரல் கேட்டது.

"அம்மா, ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன். இப்போது பேசச் சௌகரியமா?"